மருந்து ஊற்றி மகனான கதை

கிழவர்களுக்கு மருந்து கொடுப்பதைவிடப் பூனைக்கு மருந்து கொடுப்பது சுலபம். பூனை பிறாண்டும், கடிக்கும், அத்தோடு ஓடிப்போகும். கிழவர்கள் ஓடமாட்டார்கள். உட்கார்ந்து நியாயம் பேசுவார்கள்.

ரப்பர் விலை தரையில் விழுந்து கிடந்த அந்த வருஷங்களில் நான் மலாக்காவில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக, அதாவது டாக்டருக்குக் கீழே மருந்து கலக்கிக் கட்டுப் போடுகிறவனாக, இருந்தேன். புக்கிட் ரம்பாயில் பஸ்ஸை விட்டு இறங்கி, செம்மண் பாதையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே கால் ஓய நடந்தால் ஆஸ்பத்திரி வரும். எப்போதாவது மலாக்கா டவுனிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் மோட்டார் காரில் வருவார். மற்ற நாளெல்லாம் டாக்டர் நான்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவன், இங்கிலீஷ் படித்தவன், எண்ணெய் வைத்து வகிடெடுத்த கிராப்பு ஒரு மயிரும் கலையாதவன் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அந்தக் கிராப்பில் எனக்கு இருந்த கர்வம் சொல்லி மாளாது. டவுனில் எங்கள் ஆட்கள் கூடும் இடத்துக்குப் போனால் நான்கு பேராவது அதைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு நீளக் கொட்டகை. வேலை செய்ய முடியாத, கவனிக்க ஆளில்லாத கிழடுகளை அங்கே வைத்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே தடுப்பாக ஒரு கிழிந்த சாக்கு. எல்லோரும் ஆயுள் முழுக்கக் காட்டை அழித்து மரம் நட்டு, அந்த மரத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர்கள். அவர்களில் இரண்டு பேரை மட்டும் சொன்னால் போதும், மற்றவர்கள் அந்த இரண்டு பேருக்குப் பின்பாட்டுத்தான். ஒருவர் மீசைக்காரர். உடம்பில் எல்லாம் வற்றிப்போன பிறகும் மீசை மட்டும் வற்றாமல் நின்றது. இன்னொருத்தி சாக்குக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கிழவி. அவளுக்குப் பல் ஒன்றுகூட இல்லை, ஆனால் கடி பலமாக இருக்கும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் கொட்டகையில் வயிற்றுப்போக்கு புகுந்தது. ஒருவருக்கு நின்றால் அடுத்தவருக்கு ஆரம்பிக்கும். அவருக்கு நின்றால் முதலாமவருக்கே திரும்ப வரும். தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். ஈ மொய்க்காமல் சோற்றுக்கு மூடி போட்டேன். சுண்ணாம்பு அடித்தேன். லைசால் ஊற்றி ஊற்றிக் கொட்டகையே தார் மணம் வீசியது. நோய் மட்டும் நிம்மதியாக உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். கூடத் தோட்டத்துத் துரையும் வந்திருந்தார்.

"அடுத்த முறை நான் வரும்போதும் இது இப்படியே இருந்தால் கொட்டகையை மூடிவிட வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

துரைக்கு அது பாயசமாக இனித்திருக்க வேண்டும். விலை விழுந்த காலத்தில் வேலை செய்யாத வாய்களுக்கு அரிசி போட எந்தத் துரைக்கு மனம் வரும்? "மூடினால் எல்லாரையும் கப்பல் ஏத்தி நாகப்பட்டணத்துக்கு அனுப்பிடலாம்" என்று, கிழடுகளுக்கும் கேட்கும்படி, தமிழிலேயே சொன்னார். தோட்டத்துத் துரைமாருக்கு அப்போது தமிழ் நன்றாக வரும்.

டாக்டரும் துரையும் போய்விட்டார்கள். நாகப்பட்டணத்தில் அந்தக் கிழடுகளுக்கு யார் இருக்கிறார்கள்? வந்து இறங்கியது எந்தக் கப்பலில் என்பதே பாதிப்பேருக்கு மறந்துவிட்டது. மீசைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"தெரசரய்யா, என் பொஞ்சாதி பதினாறாம் நம்பர் மலைக்குப் பின்னாடி பொதைஞ்சு கெடக்குறா. நான் அவ பக்கத்துல படுக்கணும். கப்பல்ல செத்தா கடல்ல தூக்கிப் போட்ருவானுங்களாமே?"

"உங்களை ஒருத்தரும் கடலிலை போடமாட்டினம் அப்பு. சொன்ன மாதிரி மருந்தைக் குடியுங்கோ, எல்லாம் நிக்கும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படி நிற்கும் என்று எனக்கே தெரியவில்லை. அன்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி ஆயா மருந்து கொடுப்பதை நான் மூலையில் நின்று கவனித்தேன். ஒரு பெரிய புட்டியில் சீமைச் சுண்ணாம்புத் தூள் கரைத்த வெள்ளை மருந்து. அதை மங்கு என்கிற எனாமல் குவளையில் ஊற்றிக் கொடுப்பாள். ஒரே மங்கு வரிசையாகக் கைமாறிப் போகும். யாரும் வாய் வைத்துக் குடிக்கமாட்டார்கள். எச்சில் படலாமா? மங்கை ஒரு முழம் உயரத்தில் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்வார்கள். நம் சனங்களின் இந்தப் பழக்கத்தைப் பார்த்து டாக்டரே ஒரு தடவை மெச்சியிருக்கிறார்.

ஆனால் இவர்கள் கை நடுங்கும் கிழடுகள். மீசைக்காரர் ஊற்றியதில் மீசை பாதி குடித்தது. அடுத்தவர் மூக்கில் ஊற்றிக்கொண்டு தும்மினார். கிழவி காதில் ஊற்றிக்கொண்டு, "மருந்து கொஞ்சம் கசக்குது" என்றாள். அதுகூடப் பரவாயில்லை. குடித்து முடித்ததும் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்தார்கள். அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன்னால், ஒருவேளை எச்சில் பட்டிருந்தால் போகட்டும் என்று, மங்கின் விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றி வழித்துத் துடைத்தார்கள். அத்தனை மரியாதையாக, அத்தனை அக்கறையாக. திருப்தி வராதவர்கள் கட்டியிருந்த வேட்டி முனையாலும் ஒருமுறை துடைத்தார்கள்.

அந்தக் கட்டைவிரல் அன்று காலையிலிருந்து எங்கெங்கே போய் வந்தது என்று நினைத்துப் பார்த்தேன். அந்த வேட்டி எதற்கெல்லாம் சாட்சி என்றும் நினைத்துப் பார்த்தேன். நோய் எச்சிலில் போகவில்லை. மரியாதையில் போய்க்கொண்டிருந்தது.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். "இண்டையிலிருந்து ஒருத்தரும் மங்கைத் தொடக்கூடாது!"

"தொடாம எப்பிடிய்யா குடிக்கிறது? மாடு மாதிரி குனிஞ்சா?" என்றாள் கிழவி.

ஆயாவுக்கும் கோபம். "இத்தன வருசமா நான் குடுக்குறேன். ஒருத்தன் எச்சி ஒருத்தன் தின்னது கெடையாது" என்றாள்.

அவர்களோடு வாதாடி ஜெயித்தவன் எவனும் இல்லை. பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் போய், குழந்தைகளுக்குப் பால் புகட்டுகிற பாலாடைகள் எத்தனை இருந்தனவோ அத்தனையையும் வாங்கி வந்தேன். முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பித்தளைக் கிண்ணம். ஆளுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியால் ஓர் அடையாளம் கீறினேன். மீசைக்காரருக்கு மீசை, கிழவிக்கு ஒரு வட்டம், அதாவது பல்லில்லாத வாய். எல்லாவற்றையும் பெரிய சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தேன். இனி மருந்தை நானே ஊற்றுவேன். அவர்கள் வாயைத் திறந்தால் போதும். கைகள் குறுக்கே வராமல் இருக்க இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இதுதான் சட்டம்.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. கொட்டகைக்குள் ஒரே இருட்டு. நான் சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவினேன். என் மூச்சு அவர்கள்மேல் படக்கூடாதென்று வாயையும் தாடையையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டேன். வாய்க்குள் பார்க்க வெளிச்சம் வேண்டுமே, அதனால் ஆயாவிடம் சொல்லி மீசைக்காரரின் தலைமாட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி வைக்கச் சொன்னேன். பிறகு அவரை நேராகப் படுக்க வைத்து, "வாயைத் திறவுங்கோ அப்பு" என்று பாலாடையால் அந்த வெள்ளை மருந்தை மெல்ல வாயில் விட்டேன்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அப்போது புரியவில்லை. எனக்கு அந்த வழக்கம் தெரியாமல் இல்லை, மண்டையில் கிருமி மட்டும்தான் இருந்தது.

சாக்கை விலக்கி எட்டிப் பார்த்த கிழவி பார்த்தது இதைத்தான். தலைமாட்டில் விளக்கு. பக்கத்தில் வாய்க்கட்டுக் கட்டிய ஓர் உருவம். கை அடங்கிப் படுத்திருக்கும் மீசைக்காரர். வாயில் பால்.

"ஐயய்யோ! பால் ஊத்துறாங்களே!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்தாள். நல்ல குரல். மீசைக்காரரை ராசா என்றாள், மலை சாய்ந்தது என்றாள். முந்தின நாள்தான் அவரைக் குரங்கு என்று திட்டியிருந்தாள். மற்றக் கிழவிகளும் தலையை விரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் பக்கம் ஒருவர் எழுந்து, "எத்தன மணிக்குத் தூக்குறது?" என்று கேட்டார்.

பாலாடையின் அடியில் இருந்த மீசைக்காரர் இதையெல்லாம் கேட்டார். வாயிலிருந்ததை விழுங்கினார். முகம் சாந்தமாகிவிட்டது.

"அப்ப எனக்கு நேரம் வந்திருச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"விசர்க் கதை கதையாதேயுங்கோ! இது வயித்துப்போக்கு மருந்து!"

"சாவப்போறவன்கிட்ட நெசத்த எவன் சொல்லுவான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவ்வப்போது ஒரு கண்ணைத் திறந்து விடைபெற்றார். கம்பளியைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தார். வெற்றிலைப் பெட்டியைக் கிழவிக்குக் கொடுத்தார். கிழவி அழுகையை நிறுத்தாமலே அதைத் திறந்து உள்ளே எவ்வளவு பாக்கு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள்.

மத்தியானம் வரை சாகக் காத்திருந்தார். சோற்று வாளி வந்தது. கருவாட்டுக் குழம்பு வாசனை. ஒரு கண் திறந்தது. "செத்தவனுக்குச் சோறு உண்டா, கெடையாதா?" என்று கேட்டார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் வெற்றிலைப் பெட்டியைத் திருப்பிக் கேட்டபோது கிழவி கொடுக்க மறுத்துவிட்டாள். கொடுத்தது கொடுத்ததுதானாம்.

அவர் சாகவில்லை என்றாலும் வேறு யாரும் வாய் திறக்கவில்லை. பாலாடையை எடுத்துக்கொண்டு நான் உள்ளே வந்தால் உதடுகள் எல்லாம் தைத்துக்கொண்டதுபோல் மூடிக்கொள்ளும். கெஞ்சினேன். கத்தினேன். "குடிக்காட்டில் கப்பல்தான்!" என்று மிரட்டினேன். டாக்டர் வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"கப்பல்ல போனாலும் உசுரோட போவலாம்" என்றாள் கிழவி. "பால் ஊத்திக்கிட்டு எங்க போறது?"

பால்தானே சிக்கல்? மருந்து அறையில் ஏலக்காய் போட்ட ஒரு சாராய மருந்து இருந்தது. நல்ல சிவப்பு. அதை அளவாகச் சேர்த்ததும் வெள்ளை மருந்து ரோசாப்பூ நிறத்துக்கு மாறியது. வயிற்றுக்கும் நல்லதுதான், குற்றமில்லை. மறுநாள் அதைக் கொண்டுபோனேன். கிழவி முகர்ந்து பார்த்தாள். இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தாள்.

"செவப்புப் பால் எவனும் எழவு வீட்ல ஊத்துனது கெடையாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து வாயைத் திறந்தாள்.

அதற்குப்பிறகு என் பாடு வேறு மாதிரி. ஏலக்காய் மணமும் சாராயக் காரமும் பிடித்துப்போய், நோய் நின்றவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனக ஆரம்பித்தார்கள். நான் வாசலில் தெரிந்ததும் எல்லோரும் கையைத் தொடைக்கடியில் செருகி, கூட்டுக்குள்ளிருக்கும் குருவிக் குஞ்சுகள்போல் வாயைப் பிளந்து காத்திருப்பார்கள். ஆனால் சட்டம் சட்டம்தான். அவரவர் பாலாடை, அவரவர் அளவு, ஒருவருக்கு ஊற்றியபின் கை கழுவல். மங்கை ஆணியில் மாட்டி வைத்தேன். கட்டைவிரல்களுக்கு வேலை போயிற்று. வயிற்றுப்போக்கும் ஒவ்வொருவராக விட்டு இறங்கியது.

மீசைக்காரர் மட்டும் என்னை "தெரசரய்யா" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

"மவனே" என்றார்.

"ஆர் மகன்?"

"நீதான். மொத நாளு ஊத்துனியே, அது வெள்ளப் பாலு. இந்தச் செவப்பெல்லாம் மருந்து, நான் ஒத்துக்கறேன். அது மருந்து இல்ல. வாயில பால் ஊத்துறவன் மவன். கொடம் ஒடைக்கிறதும் மவன். மொட்ட அடிக்கிறதும் மவன்." சொல்லிவிட்டு என் கிராப்பை ஒரு பார்வை பார்த்தார்.

"இனி ஒருக்கா மகன் எண்டால் பேதி மருந்துதான் தருவன், விளங்குதே!" என்று சீறினேன். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து டிரெஸ்ஸர் தோட்டத்துக் கிழவருக்குக் குடம் உடைத்தால் டவுனில் என் ஆட்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் கவலைப்படவில்லை. "கோவக்கார மவன்" என்று பக்கத்துக் கட்டிலுக்குப் பெருமையாகச் சொன்னார்.

டாக்டர் வந்த நாளில் துரையும் வந்தார். கொட்டகை பளிச்சென்று இருந்தது. நோயாளி யாரும் இல்லை. துரையின் முகத்தில் கப்பலைத் தவறவிட்ட வருத்தம். டாக்டருக்கு நம்பிக்கை வரவில்லை.

"கை படாமல் எப்படி மருந்து கொடுக்கிறீர்? செய்து காட்டும். இந்தப் பெரிய மீசைக்காரருக்குக் கொடும்" என்றார்.

நான் பாலாடையோடு குனிந்தேன். மீசைக்காரர் கையைத் தொடைக்கடியில் வைத்தார். வாயைத் திறக்கவில்லை.

"திறவுங்கோ அப்பு."

உதட்டோரத்தால் மெல்லச் சொன்னார். "மவன்னு சொல்லு. தொறக்கறேன்."

"பகிடி விடாதேயுங்கோ. டாக்டர் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"பாக்கட்டும். நான் அனாதப் பொணமாப் போவமாட்டேன். எனக்குக் கொடம் ஒடைக்க ஆள் வேணும். மவன்னு சொல்லு."

கொட்டகையே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். துரை சிரிக்க ஆரம்பித்திருந்தார், அவருக்குத் தமிழ் புரியுமே. அந்தக் கிழவரின் கழுத்தை நெரிக்கலாம்போல் எனக்கு ஆத்திரம். ஆனால் குனிந்து பார்த்தபோது அவர் கண் வேடிக்கை பண்ணவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. என் மனம் உருகிவிட்டது, அதை எப்படி மறைப்பது?

"ஓம். மகன்தான். நான்தான் குடம் உடைப்பன். இப்ப வாயைத் திறவுங்கோ!" என்று கத்தினேன்.

வாய் திறந்தது. மருந்து ஒரு சொட்டும் சிந்தாமல் உள்ளே போனது. சாக்குக்கு அந்தப் பக்கமிருந்து உடனே ஒரு குரல் வந்தது.

"அப்ப நாங்கல்லாம் யாரு? எங்க வாயில ஊத்துனது எவன்?"

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டிரெஸ்ஸருக்கு எத்தன அப்பா, எத்தன அம்மா!" என்றார். தமிழ் தெரியாத டாக்டருக்கு என்ன நடந்ததென்று கடைசிவரை புரியவில்லை. கொட்டகை நன்றாக இருக்கிறது, மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அன்று சாயங்காலம் எல்லோரும் நோயில்லாமலே சிவப்பு மருந்து கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை.

மீசைக்காரர் அதற்குப்பிறகும் வருஷக்கணக்கில் இருந்தார். ஒரு மத்தியானம், கருவாட்டுக் குழம்பு வந்தும் கண் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. மாடு வைத்திருந்த வங்காளியிடம் பால் வாங்கிவரச் சொன்னேன். மீசை கீறிய பாலாடையைச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தேன்.

"சாவப்போறவனுக்கு என்னாய்யா சுடுதண்ணி?" என்றாள் கிழவி. அழுதுகொண்டே சொன்னாள். "இனிமே அவனுக்கு என்னா சீக்கு வந்துறப் போவுது?"

"சட்டம் சட்டம்தான் ஆச்சி" என்றேன். கை கழுவினேன். வாயில் துணி மட்டும் கட்டவில்லை.

பாலாடையைக் கொண்டுபோனபோது மீசைக்காரர் என்னைப் பார்த்தார். கையை அசைக்கப் பார்த்தார், முடியவில்லை. என்ன வேண்டுமென்று கேட்டேன். கண் தொடைப் பக்கம் போனது. நான் அவர் இரண்டு கையையும் எடுத்துத் தொடைக்கடியில் வைத்தேன். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

பதினாறாம் நம்பர் மலைக்குப் பின்னால் அவர் மனைவிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. நான் குடம் உடைத்தேன். மொட்டையும் அடித்தேன். டவுனில் யார் என்ன பேசினார்களோ, நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுநாள் கொட்டகைக்குள் நுழைந்தபோது கிழவி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். நடுங்குகிற கையால் என் மொட்டைத் தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"நல்லா இருந்த முடி" என்றாள். "நீ கவலப்படாத மவனே. இது வளர்ற வரைக்கும் நான் போவமாட்டேன்."

சொன்ன சொல் தவறவில்லை. வகிடு எடுக்கும் அளவுக்கு வளரும் வரை இருந்தாள்.